இன்னொரு பொட்டு

எதிர் வீட்டுத் தனபாக்கியத்தின் மகள் கோமளா ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்கு வந்து, துணி துவைத்து, ஒரு வாரத்துக்கு மாவரைத்து வைத்துவிட்டுப் போவாள். வருவது சுலபம், கிளம்புவதுதான் பெரும்பாடு. சரியாக அந்த நேரத்தில்தான் என் வாசலிலும் குப்பை சேர்ந்துவிடும்.

செருப்பை மாட்டியதும், “பொட்டு வச்சுக்காமப் போறியேடி!” என்று குங்குமச் சிமிழோடு ஓடிவருவாள் தனபாக்கியம். வைத்ததை மறந்து மறுபடியும் வருவாள்.

“கடைசி பஸ்ஸும் போயிடும், விடு அவளை!” என்று உள்ளேயிருந்து கோமளாவின் அப்பா கத்துவார். கோமளா ஒவ்வொரு தடவையும் நெற்றியைக் காட்டுவாள்.

இன்று நெற்றி கொள்ளாமல் குங்குமம் மூக்கில் கொட்டியது. தனபாக்கியம் சிமிழை மூடிவிட்டு மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்தக் கோயிலுக்கும்மா போயிட்டு வர்றே? எனக்குப் பிரசாதம்?” என்று கையை நீட்டினாள்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. கோமளா கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.