கூமாப்பட்டிக் கத்திரிக்காய்

“ஏங்க, எம் மாம்பழக் கலர்ச் சேலையையா கிழிச்சுக் கிழிச்சு மூட்டை கட்டுறீக? வேற கந்தலே கெடைக்கலையா?”

பொண்டாட்டி சத்தத்துக்கெல்லாம் அசருகிற ஆளா சோழபுரம் தனுஷ்கோடி? “ஏட்டி, ராஜபாளையம் கமிஷன் கடையில நம்ம மூட்டைக்கு ஒரு அடையாளம் வேண்டாமா?” என்றபடி கத்திரிக்காய் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

அவர் கவலையே வேறு. மில் கேண்டீனுக்கு வருஷம் முழுக்கக் காய் போடும் வாய்ப்பு வந்திருந்தது. கிடைத்துவிட்டால் விடியுமுன்னே கமிஷன் கடை வாசலில் தவம் கிடக்க வேண்டாம். ஆனால் புது மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“மலிவு உரத்துல ஈயம், காட்மியம்னு விஷம் வருதாம். செடி அதை உறிஞ்சிக் காய்ல சேத்துருமாம். ரெண்டு கிலோ குடுங்க, சோதிச்சுட்டுச் சொல்றேன்.”

தனுஷ்கோடி எந்தத் தைரியத்தில் கொடுப்பார்? இரண்டு வருஷமாக அவர் தோட்டத்துக்குப் போட்டதே லாரியில் வந்த பேர் தெரியாத உரம்தான்.

“நம்ம காயைக் குடுத்தா மாட்டிக்கிடுவோம் பிச்சையம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நல்ல காயா வாங்கி, நம்ம தோட்டத்துக் காய்னு குடுத்துட்டு வாரேன்.”

“நல்லா இருக்கு உங்க நியாயம்!” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் சேக் முகைதீன் கடையில் கத்திரிக்காய் பளபளவென்று குவிந்து கிடந்தது.

“கூமாப்பட்டிக் காய் அண்ணாச்சி! மலையடிவாரத்து மண்ணு. ஆட்டுப்புழுக்கையைத் தவிர வேற எதையும் கண்ணால பாத்ததில்ல!”

விலை இரட்டிப்பு. தனுஷ்கோடி பேரம் பேசாமல் வாங்கிப் போய் மேனேஜரிடம் கொடுத்தார்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. “என்ன அண்ணாச்சி, இம்புட்டு ஈயமா? இதை மனுசன் திம்பானா? ஆர்டர் கெடையாது, கெளம்புங்க” என்றார் மேனேஜர்.

கிளம்பினார். நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு!

“ஏன் பாய், கூமாப்பட்டிக் காய்னு சொல்லி வெஷத்தையா விக்கிறீரு? எம் பொழப்பே போச்சு! நெசத்தைச் சொல்லும், அது எந்த ஊர்க் காய்?”

சேக் முகைதீன் தலையைச் சொறிந்தார்.

“கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. ராஜபாளையத்துல எடுத்து இங்க வந்து பேரை மாத்துவேன். காய் நல்லா மினுங்குதேன்னு எப்பவும் ஒரே ஆளு மூட்டையைத்தான் எடுக்கிறது. அந்தப் படுபாவி யாருன்னு எனக்கென்ன தெரியும்? இன்னைக்கு வந்ததுகூட அந்தா கெடக்கு, பாருங்க.”

தனுஷ்கோடி திரும்பிப் பார்த்தார்.

மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டியிருந்தது, பிச்சையம்மாளின் மாம்பழக் கலர்ச் சேலை.