ரோடியத்தின் மரியாதை

"மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்சது முதல் பாய்ச்சல். ரோடியத்தை வினையூக்கி ஆக்கினது ரெண்டாவது பாய்ச்சல். மூணாவது..." பேராசிரியருக்குத் தும்மல் வந்துவிட்டதால், மூன்றாவது என்னவென்று உலகத்துக்குத் தெரியாமலே போயிற்று.

"என் செம்பும் அதே வேலையைத்தான் செய்யுது சார்" என்றாள் ஆய்வு மாணவி. "விலை நூத்துல ஒரு பங்குகூட இல்ல."

"செம்பா? பாத்திரக் கடைக்குப் போம்மா! கார்பீன்னா யாரு? ஒரு நொடி ஒரு இடத்துல நிக்காத முரட்டு மாப்பிள்ளை. அவனை இழுத்துட்டு வந்து நைட்ரஜனுக்கு முடிச்சுப் போடணும்னா, தரகர் பெரிய இடத்து ஆளா இருக்கணும்."

"கல்யாணம் நடந்தா சரி. தரகரோட சட்டையையா சார் பார்ப்பாங்க?"

அதற்குத்தான் அன்று போட்டி. அவள் குடுவையில் செம்பு, அவர் குடுவையில் ரோடியம். செம்பு தோற்றால் அவளுடைய நான்கு வருட ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழாது.

பூட்டிய அலமாரியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரோடியத்தை ஒரு தாளில் அவரே எடை போட்டார். அந்த நேரம் பார்த்து ஆய்வு நிறுவன இயக்குநர் போனில் கூப்பிட்டார். ரோடியத்தின் பெருமையை அவருக்கும் அரை மணி நேரம் ஊட்டிவிட்டுத் திரும்பினார். அதற்குள் மாணவி இரண்டு குடுவைகளிலும், கார்பீனைப் பெற்றுத்தரும் டையசோ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தாள். டையசோ உடைந்து, அதிலிருந்த நைட்ரஜன் வாயு குமிழி குமிழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

"பாரு, என் குடுவையில குமிழிகூட ராஜநடை போடுது!"

விளைபொருள் எவ்வளவு கிடைத்தது என்று மாலையில் கணக்கிட்டாள். செம்பு, தொண்ணூற்றிரண்டு சதவீதம். ரோடியமும் தொண்ணூற்றிரண்டு.

"சமம் சார்!" குதித்தேவிட்டாள்.

"சமம்னா ஜெயிச்சதா அர்த்தமா? இரு, எனக்குப் பத்து ஆட்சேபம் இருக்கு. எழுதியே தர்றேன்." பேனாவுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டவர் அப்படியே நின்றார்.

"ஏம்மா... என் குடுவையில கலக்கிக்கிட்டே சுத்துச்சே காந்தக் குச்சி, அது நேத்து எதுல கிடந்துச்சு?"

அவளுக்கு முகம் வெளுத்தது. "என் செம்புக் குடுவையில சார். தேய்ச்சுக் கழுவினேன், ஓரத்துல ஒட்டின செம்பு கொஞ்சம் போகவே இல்ல. தப்புதான். நாளைக்குத் திரும்பச் செஞ்சிடலாம் சார்."

"சேச்சே, எதுக்கு? ஏட்டைக் கொண்டா." நான்கு இடத்தில் கேட்ட கையெழுத்தை ஐந்து இடத்தில் போட்டார். "செம்பு தங்கமான உலோகம்மா!"

"அம்மா, கையெழுத்து வாங்கிட்டேன்!" என்று போனில் கத்திக்கொண்டே அவள் படியிறங்கி ஓடினாள்.

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

காலையில் எடை போட்ட ரோடியம் மொத்தமும் அதில் இருந்தது.