வாந்தி வரும் கப்பல்

"ஏன் மதினி, கப்பல்ல போகப் போறீகளாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து வந்த ராமுத்தாய் கேட்டாள். குலை வெட்டிக்கொண்டிருந்த சுருளியம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"ஆமா. கொச்சியில நம்ம பழம் வாங்குற ஏவாரி டிக்கெட்டு எடுத்துக் குடுத்திருக்காரு. தீவுகளையெல்லாம் சுத்திக் காட்டிட்டு அஞ்சாம் நாள் கொண்டாந்து விட்ருவாகளாம்."

"நானும் வர்றேன் மதினி. எங்க வீட்டுல கேட்டுட்டேன், சரின்னுட்டாக."

கடலைப் பார்க்க வேண்டும் என்பது ராமுத்தாய்க்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள ஆசை. ஆனால் வைகை அணையைத் தாண்டி அவள் பெரிய தண்ணீரைக் கண்டதில்லை.

சுருளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கப்பல்னா என்னன்னு நினைச்ச? ஏறுனதும் குடலு வாய்க்கு வந்துரும். வாந்தின்னா வாந்தி, அப்படி வாந்தி!"

"அய்யய்யோ."

"மூணு வேளையும் மீனுதான். குளிக்க உப்புத் தண்ணி, தலைமுடி சடை விழுந்துரும். படுக்கை அலமாரித் தட்டு கணக்கா ஒண்ணுக்கு மேல ஒண்ணு. மேல படுத்தவ வாந்தி எடுத்தா, கீழ படுத்தவ கதிய யோசிச்சுப் பாரு."

பக்கத்து வரிசைப் பெண்கள் யோசித்துப் பார்த்தார்கள். கூட வர ஆசைப்பட்டிருந்த சந்தனம்மாளும் இன்னும் ரெண்டு பேரும் அந்த இடத்திலேயே ஆசையை விட்டுவிட்டார்கள்.

ராமுத்தாய் மட்டும் விடவில்லை.

"அப்ப நீங்க எதுக்குப் போறீக?"

"எடுத்த டிக்கெட்ட என்ன செய்ய? ஜக்கம்மாளக் கூட்டிட்டுப் போறேன். வாந்திச் சேலைய அலச ஆளு வேணும்ல."

பந்தலின் அந்தக் கோடியில் பெட்டியில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த ஜக்கம்மாள் நிமிரவில்லை. அவள் சுருளியம்மாளின் மருமகள். குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து புருஷன் போன நாளிலிருந்து வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக இருக்கிறவள். வீடு, விட்டால் இந்தப் பந்தல் நிழல். தம்பி கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை.

வயசுப் பிள்ளையை வாந்தி அலசவா கூட்டிக்கொண்டு போவது? ராமுத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாந்தியை நினைத்து வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

கொச்சிக்குப் பழ லாரி ஓட்டும் பேச்சிமுத்து ஊருக்கு வந்தபோதுதான் குட்டு உடைந்தது.

"அக்கா, யாரு சொன்னது அப்படி? என் மச்சினன் அந்தக் கப்பல்லதான் சமையல் பாக்குறான். மெத்தை போட்ட படுக்கை. சைவக்காரவுகளுக்குத் தனிச் சாப்பாடு. மேல்தட்டுல நாற்காலியப் போட்டு நாள் பூரா கடலப் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"வாந்தி?"

"மொத நாளு லேசா வரும். எலுமிச்சம்பழத்த மோந்தா சரியாப் போகும். அங்கன யாரு வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் இருக்கலாம்க்கா. ஆடுறாக, பாடுறாக, கலர் கலரா உடுத்துறாக. நீ எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேக்க ஒரு ஆளு கிடையாது."

ராமுத்தாய் அன்றைக்கே கம்பத்துக்கு ஓடி, கொச்சிக்கு டிரங்க் கால் போட்டாள். கப்பலில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நமக்கும் ஒரு நல்லது கிடைத்துவிடக் கூடாது என்று இப்படியும் ஒருத்தி பொய் சொல்லுவாளா? வரட்டும், நடுத்தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

அவர்கள் திரும்பி வரும் நாளன்று, மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றுகொண்டாள். கையில் திருநீற்றுப் பொட்டலம். கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில்.

டவுன் பஸ்ஸிலிருந்து முதலில் சுருளியம்மாள் இறங்கினாள். ரெண்டு கையிலும் ரெண்டு பை. வேலைக்காரியாகப் போன ஜக்கம்மாள் பின்னால் வெறுங்கையோடு இறங்கினாள். அதே வெள்ளைச் சேலை.

ராமுத்தாய் வாயைத் திறந்தாள். அதற்குள் கண் ஜக்கம்மாளின் பக்கம் போய்விட்டது.

கடல் வெயிலில் அவள் முகம் நன்றாகக் கறுத்திருந்தது. நெற்றி நடுவில் மட்டும், ஒட்டுப்பொட்டு அளவுக்கு ஒரு சின்ன வட்டம், வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருந்தது.

ராமுத்தாய் எங்கே பார்க்கிறாள் என்பதைச் சுருளியம்மாள் கவனித்துவிட்டாள். ஊரையே அதட்டுகிற அந்தப் பொம்பளை முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

"ராமுத்தாயி... ஊருக்குத் தெரிஞ்சா இவளக் கொன்னுருவாக ஆத்தா," என்றாள் மெதுவாக.

அதற்குள் குடத்தோடு வந்துகொண்டிருந்த சந்தனம்மாள் தூரத்திலேயே குரல் கொடுத்தாள்.

"மதினி வந்துட்டாகளா!"

ராமுத்தாய் சட்டென்று பொட்டலத்தைப் பிரித்தாள். ஜக்கம்மாளின் நெற்றியில் அந்த வட்டம் மறைகிற அளவுக்குத் திருநீற்றை அப்பினாள்.

"சாமி திருநீறு தாயி. அழிச்சிராத."

சந்தனம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"கப்பல் எப்படி மதினி இருந்துச்சு? நல்லாத்தான் இருக்குமாமே! அடுத்த வருசம் நம்ம எல்லாருமாச் சேர்ந்து போவமா?"

இன்னும் கடலைப் பார்க்காத ராமுத்தாய்தான் பதில் சொன்னாள்.

"அட போடி! ஏறுனதும் குடலு வாய்க்கு வந்துருமாம். வாந்தின்னா வாந்தி, அப்படி வாந்தி!"