அணைக்காத வண்டி

சிகாகோவின் ஓரத்தில் ஒரு தெரு. காலை வெயில் பாதி வெட்டின புல்லில் ஏறிக்கொண்டிருக்கிறது. புல் வெட்ட வந்த எலிசியோவின் பழைய பிக்கப் வண்டி, கதவு திறந்தபடி, ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. முகமூடி போட்ட குடியேற்ற அதிகாரிகள் அவனைப் பிடித்துக்கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகிறது. செய்தி கேட்டு ஓடிவந்த மனைவி நோயெமிக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. இருக்கையில் அவன் பாதி கடித்து வைத்த டமாலே, சோள மாவுக் கொழுக்கட்டை. ரேடியோவில் யாரோ சிரிக்கிறார்கள். எதிர்வீட்டு லோர்னா, அதிகாரிகள் வருவதை அவனுக்கு எச்சரிக்க விசில் ஊதி ஊதி வீங்கின உதட்டோடு, அந்த விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு அழுகிறாள். புல்லுக்குச் சொந்தக்காரர் வெண்டல் வாசலிலிருந்து, "சட்டம்னா சட்டம்தான். புகை வீட்டுக்குள்ள வருது, முதல்ல வண்டிய நிறுத்துங்க" என்கிறார். "பதினோரு வருஷமா உம்ம புல்ல வெட்டினவன்யா! வெக்கமாயில்ல?" என்று லோர்னா கத்துகிறாள். "இந்த ஆட்சிக்கு ஓட்டு போட்டது நான் ஒருத்தனா?" என்று முனகிக்கொண்டே இறங்கி வந்து, அவரே சாவிக்குக் கை நீட்டுகிறார். நோயெமி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "வேணாங்கய்யா. நிறுத்திட்டா அவர் கைக்குத்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். வேற யாருக்கும் ஆகாது." வெண்டல் கையை இழுக்கவில்லை. அவர் கண் பெட்ரோல் முள்ளில் விழுகிறது. அது சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. "இது இன்னும் பத்து நிமிஷம்கூடத் தாங்காதும்மா" என்கிறார், குரல் இறங்கி. "தெரியும்" என்கிறாள் நோயெமி. பிடித்த கையை மட்டும் விடவில்லை.