பெயரில்லாத கட்டுரை

"மேடம், உங்க புத்தகத்தைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கான் ஒருத்தன்!"

சியோல் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்ட ஆய்விதழைக் கவனிக்கும் இளம் விரிவுரையாளன் தோ-ஜின், கையில் ஒரு கட்டுரையோடு வந்து நின்றான்.

"உக்காரு. டீ குடிக்கிறியா?" என்றார் வரிச்சட்டப் பேராசிரியர் சோ யுன்-ஹி. அவருக்கு அந்தப் பதவியை வாங்கித் தந்ததே அந்தப் புத்தகம்தான். இருபது வருடமாக நீதிபதிகள் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

"பேரை மறைச்சுதானே மதிப்பீட்டுக்கு வருது, யாருன்னு தெரியல. வாரிசு வரி பத்தி நீங்க சொன்னது தப்பாம். அதை வச்சு வந்த தீர்ப்பால புசான்ல ஒரு மீன்காரம்மா வீட்டையே இழந்துட்டாங்களாம்."

"வாதத்துல ஓட்டை இருக்கா?"

தோ-ஜின் தயங்கினான். மூன்று முறை படித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"இல்ல மேடம். ஆனா அடுத்த வருஷம் நீங்க ரிடையர் ஆகுறீங்க. இந்த நேரத்துல இது எதுக்கு? திருப்பி அனுப்பிடறேன்."

"சரியா இருக்கிறதை எதுக்குத் திருப்பி அனுப்பணும்? அந்தம்மா அப்பீலுக்காவது உதவட்டும்."

"உங்க பேரு என்ன ஆகும்?"

பேராசிரியர் அவன் கையிலிருந்த கட்டுரையைக் காட்டினார்.

"பதினோராம் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்கும், திருத்திடு. டைப் பண்ணும்போது கவனிக்காம விட்டுட்டேன்."