முந்திக்கொண்ட கதவு

கதவு மறுபடியும் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது.

சைதுலு தன் அடையாள அட்டையைச் சட்டையில் துடைத்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். சிவப்பு.

அவர் கைக்குக் கீழே இன்னொரு கை நுழைந்தது. போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண். அவள் அட்டையை வைத்ததும் கதவின் சின்னத் திரை பச்சையாகி, "புத்தாண்டு வாழ்த்துகள், நிகாரிகா" என்றது. அன்று டிசம்பர் இருபத்தொன்பது, திங்கட்கிழமை. பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காவலுக்கு நின்ற யாதகிரி அடக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் வருசத்தப் பொறக்க வச்சுட்டு உங்கள மட்டும் வெளிய நிறுத்திடுச்சே. வளத்த கடா மார்லயே முட்டுது பாருங்கண்ணா."

தன் அட்டையால் திறந்துவிடட்டுமா என்று வேறு கேட்டார். சைதுலு வேண்டாம் என்றுவிட்டார். தான் எழுதின கதவுக்குள் அடுத்தவன் தயவில் போவதா?

ஹைதராபாத்தில் அந்தக் கம்பெனிக்குத் தொழிலே அதுதான், ஆபீஸ் கதவுகளுக்குப் புரோகிராம் எழுதுவது. எழுதினதை முதலில் தங்கள் கதவில் போட்டுப் பார்ப்பார்கள். புதுவருஷத்தன்று கதவு பெயர் சொல்லி வாழ்த்தவேண்டும் என்று மேனேஜர் பத்மஜாவுக்குத் தோன்றியது. கதவு திறந்தால் போதாதா, வாழ்த்து எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சைதுலு எழுதிக் கொடுத்தார்.

லிஃப்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தார்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் வருஷக் கடைசிக் கூத்து நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு மஞ்சள் காகிதம். இந்த வருஷம் கற்றது என்ன, வருகிற வருஷத்துக்கு ஆசை என்ன என்று எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். ஒட்டினவர்களுக்குப் பிளம் கேக்.

கற்றது என்ன? ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதினார். வாடிக்கைக்காரனுக்குக் காலையில் ஒரு புத்தி, சாயந்திரம் ஒரு புத்தி. தசராவுக்கு சூர்யாபேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போயும், எல்லாரும் இலையில் உட்கார, இவர் மூலையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். ஆறின ஆட்டுக்கறியைத் தின்னக் கற்றேன் என்று எழுதி ஒட்டலாம்.

ஆசை மட்டும் ஒன்று இருந்தது.

அக்டோபரில் வேறொரு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. நல்ல இடம். பத்மஜாவிடம் சொன்னபோது அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, எங்கேயும் போகாதீர்கள், வருகிற வருஷம் டீமே உங்கள் கையில்தான் என்றார். அன்றைக்கே சைதுலு அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

எழுதி வாங்கு என்று மனைவி ஸ்வரூபா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிற வார்த்தைக்குச் சாட்சி கிடையாது. அந்த அறிவு நாற்பது தாண்டியும் சிலருக்கு வருவதில்லை.

தப்பு சீக்கிரமே அகப்பட்டது. வருஷத்தைக் குறிக்கிற ஆங்கில எழுத்தைச் சின்னதாகப் போட்டால் நாட்காட்டிப்படி நடக்கும். பெரிதாகப் போட்டால் வாரக்கணக்கு. வியாழக்கிழமை புதுவருஷம் என்றால் அந்த வாரத்துத் திங்கட்கிழமையே வருஷத்தை மாற்றிவிடும். சைதுலு பெரிதாகப் போட்டிருந்தார். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. தலையில் குட்டிக்கொண்டார்.

சரி, கதவுக்குப் புதுவருஷம் பிறந்துவிட்டது. அப்படியானால் தனக்கும் வாழ்த்துச் சொல்லித் திறக்கவேண்டியதுதானே?

இரண்டாவது தப்பைத் தேடினார். எழுதினதை மேலிருந்து கீழ்வரை படித்தார், கீழிருந்து மேலே போனார். எரிச்சலில் காது சுட்டது. யாதகிரி டீ வேண்டுமா என்று கேட்டது காதில் விழவில்லை.

இரண்டாவது தப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

கடைசியில் தன் அட்டையின் விவரத்தைத் திறந்தார். அட்டை எந்தத் தேதிவரை செல்லும் என்கிற இடம் நிகாரிகாவுக்குக் காலி. யாதகிரிக்கும் காலி. டீமில் எல்லாருக்கும் காலி.

அவருக்கு மட்டும் இந்த வருஷம் டிசம்பர் முப்பத்தொன்று என்று போட்டிருந்தது. புதுவருஷத்துக்கு முந்திக்கொண்ட கதவுக்கு அது கழிந்துபோன தேதி.

போட்டவர் பத்மஜா. போட்ட மாதம் அக்டோபர்.

கதவு உள்பக்கமிருந்து திறந்தது. பத்மஜா கேக் தட்டோடு நின்றார். எல்லாரும் ஒட்டியாயிற்று, சைதுலு சாருடைய ஆசை ஒன்றுதான் பாக்கி, கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது சாத்திக்கொள்ளாமல் காலால் முட்டுக்கொடுத்தபடி, வாங்க வாங்க என்று தலையை ஆட்டினார்.

சைதுலு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அக்டோபர்லயே முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?"

எதை என்று பத்மஜா கேட்கவில்லை.