வில்லன் செய்த தப்பு

பேயே இல்லாத அந்தப் பேய்ப்படம் முடிந்ததும் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் முணுமுணுத்தார்கள்.

"பொருளையெல்லாம் புருஷனே ஒளிச்சு வச்சிட்டு, உனக்குத்தான் புத்தி சரியில்லைன்னு சொல்றான். அவளும் நம்புறா. இப்படியும் ஒரு ஏமாளி இருப்பாளா?" என்று காரில் மனைவி அலுத்துக்கொண்டாள்.

"பாக்க அழகாத்தான் எடுத்திருக்காங்க. ஆனா ஒளிச்சதைத் தன் சட்டைப்பையிலேயே வச்சிருந்து மாட்டிக்கிறான் பாரு, அங்கதான் டைரக்டர் கோட்டை விட்டுட்டார்" என்றான் கணவன்.

வீட்டு வாசலில் அவள் கைப்பையைக் கவிழ்த்துத் தேடினாள். "என் சாவியைக் காணோங்க. எடுத்து வச்ச மாதிரிதான் ஞாபகம்."

"மறுபடியுமா? பரவாயில்லம்மா, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையைக் கூட்டிக்கலாம்." தன் சாவியால் கதவைத் திறந்தான்.

"நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேனோ" என்றபடி அவள் உள்ளே போனாள்.

தியேட்டர் இருட்டில் அவள் பையிலிருந்து எடுத்து அவன் நழுவவிட்ட இடத்திலேயே, இருக்கைக்கு அடியில் கிடந்தது அவள் சாவி.